மென்பொருளும் காப்புரிமை வழக்கும்: நாம் அஞ்ச வேண்டுமா?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



பன்னிரண்டு பிள்ளைகளோடும் ஒரே ஒரு மின்விளக்கோடும் தொடங்கிய நம் இரவுப் பாடசாலை இன்று கால் நூற்றாண்டு கண்டு நிற்கின்றது. அன்று அங்கே எழுத்துக்கூட்டிப் படித்த சிறுவர் சிறுமியர் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் இவ்வரங்கில் அமர்ந்திருப்பதைக் காணும்போது உள்ளம் நிறைகின்றது. இத்தகைய விழாவிலே கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். ஆயினும் செயற்குழுவினர் என்னிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்கு விடை கண்டு வந்து சொல்லுமாறு பணித்திருக்கின்றார்கள். ஆகவே, வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டு விடைக்கு வருகின்றேன்.

கேள்வி பிறந்த கதையைச் சிலரே அறிவர். வெள்ளி விழாவின் நினைவாக இரவுப் பாடசாலையில் கணிப்பொறி அறை ஒன்று அமைப்பதென்று சென்ற ஆண்டு முடிவு செய்தோம். பழைய கணிப்பொறிகள் ஆறு நன்கொடையாக வந்தன. நம் பாடசாலையிலேயே படித்துப் பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவர் அவற்றைத் துடைத்துப் பழுது நீக்கி, லினக்ஸ் என்னும் திறந்தமூல மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். மாணவர் வருகையையும் உதவித்தொகை விண்ணப்பங்களையும் கணக்கு வைப்பதற்கு ஒரு சிறு நிரலையும் தாமே எழுதினார். அதற்காக ஒரு காசும் வாங்கவில்லை.

அவ்வேளையில் கணிப்பொறி விற்பனை செய்யும் ஒருவர் வந்தார். "இலவச மென்பொருளில் இருப்பதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சொத்து. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வழக்கு நடக்கிறது. நாளைக்கு உங்கள் சங்கத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் வரும்" என்று சொல்லிச் சென்றார். செயற்குழுவில் கலக்கம் உண்டாயிற்று. பெரியவர் ஒருவர், "நமக்கு எதற்கப்பா வம்பு? கடன் பட்டாவது விலைக்கே வாங்கிவிடுவோம்" என்றார். ஒரு பட்டாவுக்காகப் பதினோரு ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்தவர் அவர். வழக்கு என்ற சொல் அவருக்கு வெறும் சொல்லன்று. அந்தத் தம்பியோ, தவறு செய்தவரைப் போலத் தலை குனிந்து நின்றார்.

நான் வரலாறு படித்தவன். கணிப்பொறி என் பாடமன்று. எனினும் படித்தும், அறிந்த வழக்கறிஞர்களைக் கேட்டும் தெளிந்தவற்றை இங்கே முறையாகச் சொல்கின்றேன்.

முதலில், திறந்தமூல மென்பொருள் என்பது யாது? கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அக்கட்டளைகளை எழுதியவாறே காட்டும் வடிவத்தை மூலநிரல் என்பர். விலைக்கு விற்கும் நிறுவனங்கள் பல அம்மூலநிரலைப் பூட்டி வைக்கின்றன. திறந்தமூல மென்பொருளை ஆக்கியவர்களோ, "இதைப் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்" என்று உரிமப் பத்திரம் எழுதி வைத்தே வெளியிடுகின்றார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் இம்முயற்சியை அறிவித்தார். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். இன்று நம் இளைஞர்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் லினக்ஸே. ஆகவே இதனை எவரோ திருடி வைத்த பண்டம் என்று எண்ணுவது பிழை. உரியவர்களே எழுத்து மூலம் அனுமதி கொடுத்த பொருள் இது.

அவ்வாறாயின் வழக்கு எங்கிருந்து வருகின்றது? பதிப்புரிமை, காப்புரிமை என்னும் இரண்டையும் பிரித்தறிந்தால் இது விளங்கும்.

ஒருவர் எழுதியதை எழுதியவாறே நகல் எடுப்பதைத் தடுப்பது பதிப்புரிமை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் செய்த திருத்தத்தின்படி, கணிப்பொறி நிரலையும் ஓர் இலக்கிய ஆக்கமாகவே கொள்கின்றது. நம் தம்பி எழுதிய நிரலின் பதிப்புரிமையும் இவ்வாறே சட்டத்தின் காவலில் இருக்கின்றது.

காப்புரிமை வேறு வகை. அது எழுத்தைக் காப்பதன்று. ஒரு செயல்முறையையே ஒருவருக்கு உரியதாக்குவது. நம் பக்கத்துக் கண்மாயை எண்ணிப் பாருங்கள். ஓர் உழவர் தம் கையால் வாய்க்கால் வெட்டி, மடைவாயில் பலகை ஒன்றைப் பொருத்தித் தண்ணீரை அளந்து விடுகின்றார். அப்போது வேறொருவர் வந்து, "பலகை பொருத்தி அளந்து விடும் முறைக்கு நான் காப்புரிமை பெற்றிருக்கின்றேன், பணம் கட்டு, இல்லையேல் பலகையை எடு" என்கின்றார். "உம்மைப் பார்த்து நான் செய்யவில்லையே, நானாகக் கண்டுகொண்டதன்றோ?" என்று உழவர் கேட்டாலும், காப்புரிமை செல்லுபடியாகும் வரை அந்த மறுமொழி போதாது. நம் நாட்டில் அதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

பெரிய மென்பொருள் ஒன்றிலே இத்தகைய சிறு முறைகள் ஆயிரக்கணக்கில் அடங்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உரிமை கோரினால், தாமே சிந்தித்து எழுதிய இளைஞரும் எந்த அடியில் எவருடைய வேலியை மிதிப்பார் என்று தெரியாது. லினக்ஸை எழுதியவர்கள் கொடுத்த அனுமதி, அவர்கள் எழுத்துக்குச் செல்லும். மூன்றாம் மனிதர் ஒருவர் வைத்திருக்கும் காப்புரிமையை அந்த அனுமதி தடுத்து நிறுத்தாது. விற்பனையாளர் சொன்னதில் இருந்த உண்மை இவ்வளவே.

இனி, வெளிநாட்டில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டு மே மாதம், லினக்ஸும் பிற திறந்தமூல மென்பொருள்களும் தன் காப்புரிமைகளில் 235ஐ மீறுவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கூறியது. எவை அந்த 235 என்று பட்டியலிட்டுக் காட்டவில்லை. பட்டியல் இல்லாத குற்றச்சாட்டுக்கு எவரால் மறுமொழி கூற இயலும்? ஆனால் அச்சத்தைப் பரப்புவதற்கு எண்ணிக்கை ஒன்றே போதுமாயிருந்தது.

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே நிறுவனம், வழிகாட்டும் கருவி செய்யும் டாம்டாம் என்னும் நெதர்லாந்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கின் காப்புரிமைகளுள் மூன்று, டாம்டாம் தன் கருவியில் வைத்திருந்த லினக்ஸைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றின் பொருளைக் கேட்டால் வியப்பீர்கள். பழைய கணிப்பொறிகளில் ஒரு கோப்புக்கு எட்டு எழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்று எழுத்துமே பெயராக இடலாம். அதே அமைப்பில் நீண்ட பெயர் இடுவதற்கு ஒரு வழி கண்டார்கள். அவ்வழிக்கே காப்புரிமை! மார்ச் மாத இறுதியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. டாம்டாம் பணம் கொடுக்கவும், இரண்டு ஆண்டுகளுக்குள் அப்பகுதியை நீக்கவும் இசைந்தது. அந்தக் காப்புரிமைகள் செல்லுமா செல்லாவா என்பதை எந்த நீதிபதியும் அவ்வழக்கிலே சொல்ல நேரவில்லை.

2010 ஆகஸ்டில் ஆரக்கிள் நிறுவனம், ஆண்ட்ராய்டு தொடர்பாக கூகுள் மீது வழக்கிட்டது. காப்புரிமை மீறல் இல்லை என்று 2012 மே மாதத்தில் ஜூரியினர் கூறிவிட்டனர். பதிப்புரிமைப் பகுதியோ 2021 ஏப்ரல் வரை நீண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கூகுளுக்குச் சாதகமாக முடிந்தது. பத்தாண்டுக்கு மேல் வழக்கு நடத்தும் பொருள்வலிமை கூகுளுக்கு உண்டு. தனி ஒருவராய் நிரல் எழுதும் இளைஞருக்கு உண்டா?

அதற்கும் ஒரு விடை கிடைத்தது. 2019ஆம் ஆண்டில், காப்புரிமைகளை வைத்து வழக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம், க்னோம் அறக்கட்டளை மீது வழக்குத் தொடுத்தது. க்னோம் என்பது லினக்ஸுக்குத் திரை முகப்பு செய்து தரும் தொண்டர் அமைப்பு. அது பணம் கொடுத்துத் தப்பிக்க மறுத்தது. உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் சிறு சிறு தொகைகளாக வழக்கு நிதி அனுப்பினார்கள். 2020 மே மாதத்தில் எதிர்த்தரப்பு வழக்கைக் கைவிட்டதோடு, தன் காப்புரிமைகளைக் கொண்டு எந்தத் திறந்தமூல மென்பொருள் மீதும் வழக்கிடுவதில்லை என்றும் உறுதி எழுதிக் கொடுத்தது. பிடி அரிசி எடுத்து வைத்துப் பாடசாலை நடத்திய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

காலமும் மாறிற்று. ஐ.பி.எம்., ரெட் ஹேட், சோனி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, லினக்ஸைக் காப்பதற்கென 2005இல் காப்புரிமைக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. "லினக்ஸ் தொடர்பாக நாங்கள் ஒருவர் மீது ஒருவர் வழக்கிட மாட்டோம்" என்பதே அதன் உடன்பாடு. 235 என்று கணக்குச் சொன்ன மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2018 அக்டோபரில் 60,000க்கு மேற்பட்ட காப்புரிமைகளுடன் அக்கூட்டமைப்பிற் சேர்ந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். காப்புரிமை, கொடுத்த நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையைக் கொண்டு மதுரையிலுள்ள பாடசாலை மீது வழக்கிட முடியாது. இந்தியாவில் பெற்றிருக்க வேண்டும். இந்தியச் சட்டம் யாது சொல்கின்றது?

வெள்ளையர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்து, நாட்டுக்கு ஏற்றது எது என்று கூறும் பணி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த இராஜகோபால ஐயங்காரிடம் 1957இல் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1959இல் தந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டே 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. எவற்றுக்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்பதை அதன் 3ஆம் பிரிவு பட்டியலிடுகின்றது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலில் 'கே' என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. கணித முறை, வணிக முறை, கணிப்பொறி நிரல் 'தன்னளவில்', படிமுறைத் தீர்வு ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது அதன் கருத்து. ஆங்கில மூலத்தில் 'பெர் சே' என்று இருக்கும் இரு சொற்களே தமிழில் 'தன்னளவில்' ஆகின்றன.

இந்த வேலியும் எளிதில் நிலைத்து நிற்கவில்லை. 2004 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. தொழிலில் தொழில்நுட்பப் பயன் உடையதாகவோ, வன்பொருளோடு இணைந்ததாகவோ இருந்தால் மென்பொருளுக்கும் காப்புரிமை தரலாம் என்று அது வழி திறந்தது. இடதுசாரிக் கட்சிகளும் திறந்தமூல ஆர்வலர்களும் எதிர்த்தனர். 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த மாற்றம் இடம்பெறவில்லை. பழைய வாசகமே நின்றது. அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றமும் இத்தகைய திட்டம் ஒன்றை 648க்கு 14 என்ற வாக்குகளில் தள்ளியது. மீண்டும் 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட நெறிமுறைகள் கதவைச் சற்றே திறந்தன. எதிர்ப்பு எழுந்தது; டிசம்பரில் அவை நிறுத்தி வைக்கப்பட்டன; 2016 பிப்ரவரியில் புதியவை வந்தன.

வேலி முழுமையானது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒரு கண்டுபிடிப்பில் மென்பொருள் இருப்பதாலேயே காப்புரிமையை மறுக்க இயலாது, அதன் தொழில்நுட்ப விளைவைப் பார்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. ஆகவே 'தன்னளவில்' என்னும் சொல்லின் எல்லை எதுவரை என்ற வழக்காடல் தொடர்கின்றது.

ஒரு சொல்லில் என்ன இருக்கின்றது என்று கேட்போருக்கு, அதே 3ஆம் பிரிவின் 'டி' உட்பிரிவைக் காட்டுவேன். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. அந்த உட்பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. காப்புரிமை இல்லை என்று 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. பிற இந்திய நிறுவனங்கள் அம்மருந்தை மிகக் குறைந்த விலையில் தொடர்ந்து கொடுக்க முடிந்தது. சட்டத்தின் ஒரு வரி, ஏழை நோயாளியின் மாத்திரை வரை வந்து நிற்கின்றது.

இப்போது செயற்குழுவின் கேள்விக்கு நேரே விடை சொல்கின்றேன்.

நம் கணிப்பொறி அறையில் லினக்ஸை வைத்திருப்பது முறையான செயல். நம் நாட்டின் சி-டாக் நிறுவனமே லினக்ஸை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அது இடம்பெற்றிருந்தது. மலைக்கு அப்பால் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகத் திறந்தமூல மென்பொருளிலேயே கணிப்பொறிக் கல்வி நடத்துகின்றன. அரசு அலுவலகங்களில் திறந்தமூல மென்பொருளை விரும்பி ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2015இல் கொள்கையே வெளியிட்டது.

அடுத்து, காப்புரிமை மீறல் என்பது நம் நாட்டில் உரிமையியல் வழக்கு. அதற்காகப் போலீசார் வந்து கதவைத் தட்டுவதில்லை, சிறையும் இல்லை. மேலும், ஆதாரமின்றிக் காப்புரிமை வழக்கு என்று மிரட்டுவோர் மீது நாமே நீதிமன்றம் செல்ல அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு இடம் தருகின்றது. இதை அந்தப் பெரியவர் அவர்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டுகின்றேன்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. விலை மென்பொருளைத் திருட்டு நகலாக எடுத்துப் போடும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. திருட்டு நகல் என்று அறிந்தே அதனைக் கணிப்பொறியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அனுமதி எழுதிக் கொடுத்த பொருளைக் கண்டு அஞ்சிவிட்டு, அனுமதியில்லாத பொருளை அஞ்சாமல் வைத்திருக்கும் நிலை நமக்கு வேண்டா. ஒவ்வொரு கணிப்பொறியிலும் உள்ள மென்பொருளின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். நம் தம்பி எழுதிய நிரலையும் அவர் பெயரிட்டு, உரிமம் எழுதி வெளியிடுவோம். பிற சங்கங்களுக்கும் அது பயன்படட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் இயற்றியது. மகாத் நகராட்சியும் பொதுக்குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் உரிமை இருந்தது. தண்ணீரில் ஒருவரும் கை வைக்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். பின்னர், குளம் தங்கள் சொத்து என்று எதிர்த்தரப்பு வழக்கிட்டது. அவ்வழக்கு 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 10 ஆண்டுகள் ஆயின. கணிப்பொறி வழக்கையும் அந்தப் போராட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பட்ட துன்பம் ஒப்பிட முடியாதது. ஆனால் பாடம் ஒன்றுண்டு. பொதுப்பொருளை எடுத்தாளும் உரிமை, அதைப் பயன்படுத்துவோரும் அதற்காக வாதாட வல்லோரும் இருக்கும் வரைதான் உயிரோடிருக்கும். அண்ணல் இரண்டுமாக இருந்தார்.

ஆகவே உங்களுள் சிலர் மூலநிரலைப் படியுங்கள். சிலர் சட்டம் படியுங்கள். காப்புரிமை விண்ணப்பம் வெளியானபின், அது தரப்படுமுன், 'எந்த ஒரு நபரும்' எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று 25ஆம் பிரிவு கூறுகின்றது. 'எந்த ஒரு நபரும்' என்ற அச்சொல்லில் நம் ஊர்ப் பிள்ளையும் அடக்கம். சென்னையிலே காப்புரிமை அலுவலகம் இருக்கின்றது. அங்கே எதிர்ப்பு மனு எழுதத் தெரிந்த ஒருவர் இந்தப் பாடசாலையிலிருந்து உருவாக வேண்டும் என்பது என் ஆசை.

இறுதியாக, செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கடன் வாங்க வேண்டா. ஆறு கணிப்பொறிகளும் அந்தத் தம்பி அமைத்தவாறே இருக்கட்டும். அறையைத் திறக்கும் நாளில் நாடாவை வெட்டும் பணியை அவரிடமே கொடுங்கள். மாணவர் பதிவேட்டில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்; ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ள எனக்கும் கற்க வேண்டியது நிறைய இருக்கின்றது.